பேய் மாளிகையின் கடைசி அஸர்

இந்த மின்விசிறி கரகரக்கிறது, சேர். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டால் அடங்கிவிடும். நானே கதிரையில் ஏறிச் செய்து தருவேன். நான் வந்திருக்கிற காரியத்துக்கு நீங்கள் என்னைக் கதிரையில் ஏற விடமாட்டீர்கள் என்பதால் சும்மா சொல்லி வைக்கிறேன்.

என்னை ஒருவரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானாகத்தான் வந்தேன். கல்முனை பஸாரில் ஜெஸீமின் தேத்தண்ணிக் கடையிலிருந்து எழும்பி நேரே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். வாசலில் நின்ற உங்கள் பொடியன், "என்ன பேய் மாமா, ஆரும் உங்களப் பயப்படுத்திட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். இந்த ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவன் இப்போது யார் இருக்கிறான்.

ஜெஸீம் சொன்ன கதைதான் என்னை எழுப்பிவிட்டது. கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சொல்கிறான்: "பேய் மாளிகைக்குள்ள அசல் ஜின் ஒண்டு குடியிரிந்திரிக்கி. அத எழுப்பப் பாத்தாக. அது ஹாஜியார்ட மகன் பஸாலக் கொண்டுபோயிட்டு. அடக்கிறதுக்கு முன்ன மையித்துட முகத்தப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது சாதாரண மௌத்தில்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவன் "அல்லாட காவல்" என்று நெஞ்சில் ஊதிக்கொண்டான். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாளிகைக்குள் என் ஆயுளில் பாதி போயிருக்கிறது. அங்கே பேய் என்றால் நான். ஜின் என்றாலும் நான்தான். வேறு ஒன்றும் அங்கே இருந்ததில்லை. அங்கே நடந்ததற்கு வேறொன்றின் பெயரைப் போடுவதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்க எனக்கு முடியவில்லை. பொல்லாத கோபம் வந்தது.

என் பெயர் முகைதீன்பாவா. நீங்கள் பாண்டிருப்புப் பக்கம் என்று கேள்விப்பட்டேன், சுஜிந்தன் சேர். அப்படியானால் சின்ன வயதில் நீங்களும் வந்திருப்பீர்கள். பஸாருக்குப் பின்னால், அப்துல் கபூர் ஹாஜியாரின் பழைய நெல் ஸ்டோர். ஒரு பெருநாளைக்குக் கார்னிவல் போட்டபோது ஹாஜியார் அதற்குள் பேய் வீடு ஒன்று அமைக்கச் சொன்னார். கார்னிவல்காரர் ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பேய் வீடு மட்டும் நின்றுவிட்டது. சனம் விடவில்லை. அக்கரைப்பற்றிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் வான் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த உள்வேலை முழுக்க என் கை வேலை. கறுப்புத் தறப்பாளால் மறித்து வளைந்து வளைந்து போகிற பாதை. பார்சலுக்குள் வைக்கிற வெள்ளை ரெஜிபோமில் வெட்டிய எலும்புக்கூடு. கம்பியை இழுத்தால் மூடி திறக்கிற பெட்டி. கடைசியில் ஓர் ஒடுக்கமான அறை, அதற்கு நான் கிணற்றறை என்று பெயர் வைத்திருந்தேன். அதற்குள் புகை வரும், பின்னால் கதவு சாத்திக்கொள்ளும், சுவருக்குள்ளிருந்து நான் மூச்சு விடுவேன். வெறும் மூச்சுத்தான். பெரிய பெரிய ஆம்பிளைகள் அந்த மூச்சுக்கு உம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மாளிகைக்கென்று நடைமுறை இருந்தது. உள்ளே போகிறவர் சட்டைப்பையில் உள்ளது அத்தனையையும் வாசலில் உள்ள பனையோலைக் கூடையில் போட வேண்டும். ஓடும்போது விழுந்தால் இருட்டில் தேட முடியாது. கதவுகள் உள்ளே இருந்து திறக்காது. நான் ஒளிந்து நிற்கிற பலகைச் சுவருக்குப் பக்கத்தில் உள்ள கம்பிகளை நான் இழுத்தால்தான் திறக்கும். கத்தினால் திறக்கமாட்டேன். கத்தத்தானே வருகிறார்கள். உள்ளே ஒரு மைக் கட்டி, அந்தக் கத்தலை வெளியே ஒலிபெருக்கியில் விடுவோம். தெருவில் போகிற சனம் அதைக் கேட்டுத்தான் உள்ளே வரும்.

கத்தினால் திறக்கமாட்டேன் என்பதால்தான் ஒரு நாள் பஸால் சாகப் பார்த்தான். ஹாஜியாரின் ஒரே மகன். அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அவனுக்கு முட்டு வருத்தம். காற்று மாறினாலே மூச்சு இழுக்கும். அந்தக் காலத்தில் புகை மெஷின் இல்லை. சட்டியில் தேங்காய்த் தும்பு மூட்டித்தான் புகை எடுப்போம். எனக்குத் தெரியாமல் கூட்டத்தோடு உள்ளே பூந்துவிட்டான். கிணற்றறையில் கிடந்து கத்தினான். மற்றப் பிள்ளைகளும் கத்தின. எந்தக் கத்தல் எது என்று எனக்கு எப்படித் தெரியும். பிறகு கதவைத் திறந்து பார்த்தால் பிள்ளை நீலம் பாய்ந்து கிடக்கிறான். நான்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு ஹாஜியார் மெஷின் வாங்கித் தந்தார். அதன் புகை நெஞ்சைப் பிடிக்காது. தும்பு மூட்டுவதை அன்றோடு விட்டோம். இன்னொரு நடைமுறையும் வந்தது. அது நான் யோசித்தது. கடல் பொங்கினால், புயல் அடித்தால் எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் நின்று பாங்கு சொல்வார்கள், சேர், நீங்கள் கேட்டிருப்பீர்கள். பள்ளியில் தொழுகைக்கு அழைக்கிற அதே பாங்குதான். ஆபத்தில் சொல்வது. விளையாட்டுக்கு அதை ஒரு பிள்ளையும் வாயில் எடுக்காது. ஆகவே வாசலில் வைத்தே சொல்லிவிடுவேன்: உள்ளே உண்மையாக ஏதும் என்றால் கத்த வேண்டாம், பாங்கு சொல்லுங்கள், எங்கே நின்றாலும் கதவு திறக்கும். தமிழ்ப் பிள்ளைகள் என்றால் அவர்கள் கும்பிடுகிற சாமியைக் கூப்பிடச் சொல்வேன். பஸாலை மடியில் இருத்தி வைத்துத் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். "மகன், முட்டு வந்தா சத்தம் போடப்படாது. பாங்கச் சொல்லு. மாமா திறப்பன்." அவன் அதை என்னிடம் பலமுறை ஒப்பித்துக் காட்டினான்.

அப்படி வளர்ந்த பிள்ளைதான் கட்டாருக்குப் போய்விட்டு வந்து, மாளிகையை மூடப் போவதாக என்னிடமே சொன்னான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. நான் நியாயமான ஆள், சேர். சனம் குறைந்துதான் போயிருந்தது. வருகிற பிள்ளைகளும் போனைச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டு வந்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கும். என் எலும்புக்கூட்டின் பல்லைத் தட்டிப் பார்த்து, "இது ரெஜிபோம் மச்சான்" என்று சொல்லும். நான் மூச்சு விட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "மாமா, பல்லுத் தீட்டலயா?" என்று கேட்கும். நான் சுவருக்குள் நின்றுகொண்டு அதையெல்லாம் கேட்டேன்.

பஸால் ஒரு நாள் உள்ளே வந்து வீடியோ எடுத்தான். எனக்குத் தெரியாது. நான் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து இறால் வடை தின்றுகொண்டிருந்தேன். பகல் முழுக்க நிற்கிறவனுக்குப் பசிக்காதா. அவன் வெளிச்சம் அடித்ததும் திடுக்கிட்டு எழும்பினேன், துணி ஆணியில் மாட்டிக்கொண்டது, சாரம் நழுவப் பார்த்தது, வடை வாயில். அதை அவன் முகநூலில் போட்டான். "கல்முனைப் பேய்க்கும் பசிக்கும்" என்று எழுதியிருந்தான்.

மறுநாள் பஸாரில் கால் வைக்க முடியவில்லை. மீன் வாங்கப் போனால் மீன்காரன் சிரிக்கிறான். வடைக்காரி எனக்கு ஒரு வடையை நீட்டி, "பேய்க்குக் குடுத்தா நன்மதானே" என்கிறாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் முன் வரிசை, முன் சஃப்பில் நின்றவனின் தோள் குலுங்கியது. தொழுகையில் நின்று சிரிக்கிறான், நாய்க்குப் பிறந்தவன். என் மனைவி றபீக்கா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவள். நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பியதும், "எல்லாரும் ஆசையாத்தானே சிரிக்காக, நீங்க ஏன் மூஞ்சத் தூக்கிறீங்க" என்றாள்.

பஸாலிடம் கேட்டேன். கோபப்படாமல்தான் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அத அழிக்கச் சொல்லாதீங்க. அதப் பாத்துத்தான் சனம் திரும்ப வருது. இப்பிடியே வந்தா வாப்பாக்கிட்டக் கதைச்சி மாளிகையத் தப்ப வெச்சிரலாம் எண்டு பாக்கன்" என்றான். சனம் வந்தது, உண்மை. பிதுங்கி வழிந்தது. வந்த அத்தனை பேரும் சிரிக்க வந்தார்கள். நான் பெட்டிக்குள்ளிருந்து எழும்பினால், "வடை, வடை" என்று கத்தினார்கள். கொஞ்ச நாளில் அதுவும் அலுத்து நின்றுவிட்டது. பஸால் தன்னால் முடிந்ததைச் செய்தேன் என்று சொல்லிக் கவலைப்பட்டான். அவன் கவலைப்பட்டதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாளிகையை உடைத்துவிட்டு அந்த இடத்தில் சிறுவர் விளையாட்டு மண்டபம் போடுவதென்று முடிவானது. ஏசி, கலர் கலரான பந்து நிரப்பிய குளம், குதிக்கிற பாய், வழுக்கி. சுவர் முழுக்க மஞ்சள். முடிவை ஹாஜியார் மகனிடமே விட்டுவிட்டார். பஸால்தான் என்னிடம் வந்து, "மாமா, உங்கள விட்டுட்டு நான் ஒண்டும் செய்யமாட்டன். உங்களுக்கெண்டே ஒரு வேல வெச்சிரிக்கன்" என்றான்.

ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். திறந்து பார்த்தேன். கரடி உடுப்பு. தலை, கை, கால், வயிறு எல்லாம் மண்ணிறப் பஞ்சு. வாசலில் நின்று பிள்ளைகளுக்குக் கை காட்ட வேண்டுமாம். முகத்தில் சிரிப்பைத் தைத்து வைத்திருந்தார்கள், சேர். நான் உள்ளே அழுதாலும் வெளியே சிரித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

"உங்கட தலையளவு எனக்குத் தெரியாது, மாமிக்கிட்டச் சொல்லித் தொப்பியக் கொண்டந்து அளந்துதான் ஓடர் குடுத்தன்" என்றான். தலைக்குள் சின்னதாக ஒரு விசிறி பூட்டியிருந்தது. எனக்கு வியர்க்கும் என்று அவனாகவே சொல்லிப் பூட்ட வைத்தானாம். அதைப் போட்டுக் காட்டி, காற்று வருகிறதா என்று தன் முகத்தை உள்ளே விட்டுப் பார்த்தான். "இதுக்குள்ள ஆராலயும் உங்களப் பாத்துச் சிரிக்க ஏலா மாமா. கரடியப் பாத்துத்தான் சிரிப்பாக."

ஊரையே நடுங்க வைத்தவனைப் பஞ்சுக்குள் போட்டுத் தைக்கப் பார்த்தான். அதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். "நல்லாயிருக்கி மகன்" என்றேன்.

மூடுகிற நாளுக்குப் பெரிய கூட்டம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மத்தியானத் தொழுகை ளுஹருக்குப் பிறகு சாய்ந்தமருதிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சின்னப் பிள்ளை ஒன்று வாசலில் நின்று அழுததால் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை அழுதது எனக்கு ஆறுதலாக இருந்தது. உடைக்கிற ஆட்கள் மறுநாள் காலை வருவதாக இருந்தது. நான் ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாக வேலை செய்தன.

பஸால் மத்தியானம் கழிந்து வந்தான். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். "மகன், கடைசி நாள். ஒருக்கா உள்ள போயிட்டு வாங்க. சின்னப்புள்ளயில நீங்க முழுசாப் பாக்கவே இல்ல" என்றேன். அவனுக்கு வேலை கிடந்தது. மகளைப் பள்ளிக்கூடத்தால் ஏற்ற வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி மாமா, உங்களுக்காக. நல்லாப் பயப்படுத்தோணும், சொல்லிட்டன்" என்று சிரித்தான்.

நான் கூடையை நீட்டவில்லை. அவனாகவே கூடையைத் தேடி எடுத்தான். போன், மோட்டார் சைக்கிள் சாவி, பேர்ஸ், முட்டுக்கு இழுக்கிற இன்ஹேலர், ஒவ்வொன்றாகப் போட்டான். இன்ஹேலரைப் போடும்போது ஒரு கணம் யோசித்தான். "இதையுமா மாமா?" என்று கேட்டான். நான், "நடைமுறதானே மகன்" என்றேன். "ஓம் ஓம், நடைமுற நடைமுறதான்" என்று போட்டுவிட்டு உள்ளே போனான்.

அன்றைக்கு மெஷினில் புகை மருந்து தீர்ந்திருந்தது. கடைசி நாளுக்கென்று யாரும் புதிதாக வாங்கவில்லை. ஆகவே பழைய மாதிரிச் சட்டியில் தும்பு மூட்டினேன். புகை நன்றாக வந்தது. மெஷின் புகையைவிடக் கனமானது, தரையோடு நிற்காமல் எழும்பும்.

அவன் முதல் வளைவில் சிரித்துக்கொண்டே போனான். எலும்புக்கூட்டிடம் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். பெட்டி திறந்தபோது, "வடை எங்க மாமா?" என்று கேட்டான். ஒலிபெருக்கியில் அது தெருவுக்கும் கேட்டிருக்கும். கிணற்றறைக்குள் போனான். கதவு சாத்தியது. இருமினான். "மாமா, புகை கூட" என்றான். பிறகு, "மாமா, இது தும்பா?" என்று கேட்டான். அதன் பிறகு இருமல்தான்.

அப்போது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு. பாங்கு சொல்லும்போது எங்கள் மாளிகையில் ஒலிபெருக்கி ஓடாது. இவ்வளவு காலத்தில் ஒரு தரமும் அதை நான் தவறவிட்டதில்லை. ஒலிபெருக்கியை நிறுத்தினேன். உட்கார்ந்து பாங்குக்குப் பதில் சொன்னேன். கை கால் முகம் கழுவி வுழூச் செய்துகொண்டு பள்ளிக்குப் போய் ஜமாஅத்தோடு தொழுதேன். அன்றைக்கு முன் சஃப்பிலேயே இடம் கிடைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து கம்பியை இழுத்துப் பார்த்தால் பஸால் கதவடியில் கிடந்தான். உடம்பில் உயிர் இருக்கவில்லை.

தும்பையும் கூடையையும் விட்டுவிட்டு இதைத்தான் நான் அன்றைக்கு வந்த பொலிஸ்காரரிடமும் சொன்னேன். அவருக்கு நியாயமாகப் பட்டது. தொழப் போன மனிதனை யார் குறை சொல்வது. டொக்டரும் முட்டு வருத்தம் என்றுதான் எழுதினார். கையில் இன்ஹேலர் இருந்தும் தப்பவில்லையே என்று கவலைப்பட்டார்கள். அது கையில் இருந்தது உண்மை. தொழுதுவிட்டு வந்து நான்தான் கூடையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். விரல்களை மடக்கியும் விட்டேன். அப்போது கை சூடாகத்தான் இருந்தது. சட்டியையும் சாம்பலையும் பின்பக்கம் கொட்டினேன். நாற்றம் கேட்டவர்களிடம் சாம்பிராணி என்றேன். அந்த நாற்றத்தை வைத்துத்தான் ஜெஸீம் ஜின் கட்டியிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

ஜனாஸாவில் உடலை வைத்த சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கத்தைத் தோள் கொடுத்துத் தூக்கியவன் நான். ஹாஜியார் என் நெஞ்சில் விழுந்து அழுதார். "பாவா, அவன் கடைசியா உன்ட கையிலதானே கிடந்தான். அது போதும் எனக்கு. வேற ஆர்ட கையிலயும் கிடக்கலயே" என்றார். பாவம், நல்ல மனிதன். அவரைத் தேற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்தேன்.

மண்டபத்தைத் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். மாளிகை நிற்கும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் எல்லாம். ஆனால் ஹாஜியார் மகன் ஆசைப்பட்டது என்று சொல்லி உடைத்துவிட்டுக் கட்டினார். வாசலில் அவன் பெயர். நான் என்ன செய்வது. கரடி உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அளவு சரியாகத்தான் இருந்தது. விசிறியும் நல்ல காற்று.

பஸாலின் மனைவி றுஸ்தா வெள்ளிக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். பிள்ளை ஓடிவந்து என் வயிற்றைக் கட்டிப்பிடித்து முகத்தைப் பஞ்சுக்குள் வைத்துக்கொள்ளும். இழுத்தாலும் விடாது. றுஸ்தா ஒரு நாள், "மாமா, இவ வாப்பாக்குப் பிறகு உங்கக்கிட்ட மட்டுந்தான் போறா" என்றாள். நான் கரடிக் கையால் பிள்ளையின் தலையைத் தடவினேன். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. அதையும் எழுதுங்கள்.

பிள்ளைகள் எல்லாம் கரடியைக் கண்டால் சிரிக்கின்றன. ஒன்றாவது பயப்படாதா என்று பார்ப்பேன். பயப்படாது. இனி இந்த ஊரில் என்னைக் கண்டு ஒருவரும் பயப்படப் போவதில்லை என்று ஒருவாறு மனதை ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜெஸீமின் கதை. நான் செய்ததைக் கேட்டு நடுங்குகிறார்கள், ஆனால் பெயர் ஜின்னுக்கு. எனக்கு எப்படி இருக்கும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், சேர். தும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். கெட்டிக்காரன். அதை வேறு ஒருவரும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்தேன். காலையில் றபீக்கா பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். குசினிக்குப் பாத்திரம் தேய்க்கக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். வைத்துவிட்டுத்தான் போனேன். மெஷினின் புகை மருந்தும் தீர்ந்திருக்கவில்லை. முதல் நாளே அதை வாய்க்காலில் ஊற்றிவிட்டேன்.

இன்னும் ஒன்றைத் திருத்த வேண்டும். பாங்கு விஷயம்.

பள்ளியில் பாங்கு சொன்னது அவன் உள்ளே போவதற்கு முன்னமே. ஒலிபெருக்கியை அப்போது நிறுத்தியவன் திரும்பப் போடவில்லை. அவன் வடை கேட்டது தெருவுக்குக் கேட்டிருக்காது. ஜமாஅத்துக்குப் போனதும் உள்ளே சத்தம் அடங்கிய பிறகுதான். நான் பதில் சொன்னேன் என்றேனே, அது பள்ளிப் பாங்குக்கு இல்லை.

அவன் கத்தவில்லை, சேர். சொல்லிக் கொடுத்தது மறக்கவில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு பாங்கு சொன்னான். பலகைக்கு இந்தப் பக்கம் நான். கூடை என் மடியில். மூச்சு இல்லாததால் ஒவ்வொரு சொல்லாகத்தான் சொன்னான், இடையில் விசில் மாதிரி இழுக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்காது, பாங்கு காதில் விழுந்தால் கேட்கிறவன் சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும் தானும் மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேன். அவன் எவ்வளவு நிறுத்தி நிறுத்திச் சொன்னாலும் நான் அவசரப்படவில்லை, அவனுக்காகக் காத்திருந்து சொன்னேன். ஒரு தரம் முழுசாக முடித்தான். கதவு திறக்காததால் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பான் போல. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான். நானும் தொடங்கினேன்.

நடுவில், தொழுகைக்கு வாருங்கள், வெற்றிக்கு வாருங்கள் என்று அழைக்கிற இடம் வரும். அந்த இடத்தில் மட்டும் திருப்பிச் சொல்வதில்லை. அல்லாஹ்வின் உதவியில்லாமல் என்னிடம் எந்தச் சக்தியும் இல்லை என்று அவனிடமே ஒப்படைக்க வேண்டும். அதையும் முறையாகச் சொன்னேன். கம்பி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இரண்டாம் தரம் அவன் "வாருங்கள்" என்ற இடத்தோடு நின்றுவிட்டான். நான் எழும்பவில்லை. மிச்சத்தைச் சொல்வான் என்று காத்திருந்தேன். நீங்கள் என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், சேர், ஆனால் பாங்குக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மிச்ச வரிகள் வந்திருந்தால் அவற்றுக்கும் பதில் சொல்லியிருப்பேன்.